நாலு குழியும் நிழலுக்குத்தான்

யார் யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டால் மிச்சக் கதைக்கு வசதி.

இடம் சனூஸாவின் வீட்டு ஹோல். நேரம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பாடும் முடிந்த பிறகு. மின்விசிறிக்கு நேர் கீழே, கைப்பிடி வைத்த பெரிய கதிரையில் அன்ஸார். சுஹைராவின் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர். குடும்பத்தில் எந்தக் கலியாணம் பேசினாலும் மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுக்கிறவர் அவர்தான். செற்றியின் ஒரு நுனியில் ஸெய்னுதீன். மாப்பிள்ளையின் சாச்சா, அவன் வாப்பாவின் தம்பி, கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர், ஹெல்மெட்டை மடியிலிருந்து இறக்கவில்லை. மறு நுனியில் தாஹிர். சுஹைராவின் கணவர், பென்ஷன்காரர். வாசலோரத்துப் பிளாஸ்ரிக் கதிரையில் மூத்த மகள் சனூஸா, வீட்டுக்காரி. இளைய மகள் ஷிஃபானா, பேசுகிற கலியாணம் அவளுடையது என்றபடியால், திரைக்குப் பின்னால் அறைக்குள் கட்டில் விளிம்பில்.

சுஹைரா குசினி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அவளுக்குக் கதிரை இல்லை. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. தேத்தண்ணி கொண்டுவந்து, கோப்பையைத் திரும்ப எடுத்துப் போகிற ஆளுக்குக் கதிரை என்னத்துக்கு.

அது அவளுடைய வீடாக இருந்தது. அவளுக்குக் கலியாணம் நடந்தபோது உம்மா கொடுத்தது. இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவார். சனூஸாவுக்குக் கலியாணம் பேசியபோது சுஹைராவும் அதே மாதிரி வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தன் பெயரிலேயே வைத்துக்கொண்ட பின்வளவில் மதிலோடு ஒட்டி இரண்டு அறை போட்டு, தகரம் ஏற்றி, தாஹிரோடு குடிபோனாள். அந்த இரண்டு அறைக்கு முன்னால் ஒரு துண்டு வெளி. அதற்கப்பால் நிலம் சரிந்து துறைமுகத் தண்ணீரில் முடியும். தண்ணீருக்கு அக்கரையில் சீனன்குடா.

இன்றைய வழக்கு அந்த ஒரு துண்டு வெளியைப் பற்றித்தான்.

"ராத்தா, தப்பா நினைக்கப்படாது," என்று ஸெய்னுதீன் சுஹைராவிடம் தொடங்கினார். "வேலை தொடங்கினதில எல்லாருக்கும் நல்ல சந்தோசம். ஆனா அத்திவாரக் குழி நாலுதானே காணுது. ரெண்டு அறையும் ஒரு ஹோலும் எண்டாலும் எட்டுக் குழியாவது வேணுமே. மாப்பிள்ளைட வாப்பா, எங்கட காக்கா, கேட்டிட்டு வரச் சொன்னார்."

அன்ஸார் தொண்டையைச் செருமினார். "அது தொடக்கம்தானே தம்பி. மற்றது பிறகு வெட்டுவாங்க."

"வெட்டமாட்டம்," என்றாள் சுஹைரா. "அது வீடில்ல."

ஸெய்னுதீன் ஹெல்மெட்டை மடியில் திருப்பி வைத்தார்.

"வீடில்லாட்டி?" என்றார் ஸெய்னுதீன்.

"பேர்கோலா."

ஸெய்னுதீன் அன்ஸாரைப் பார்த்தார். அன்ஸார் செற்றியின் பூப்போட்ட துணியைப் பார்த்தார்.

"இருக்கிறதுக்கு ஒரு இடம்," என்று சுஹைராவே விளக்கினாள். "நாலு தூண், மேல சட்டம், சட்டத்துக்கு மேல கொடி. சுவர் இல்ல, கதவும் இல்ல. வெளியில நிழலுக்குள்ள இருக்கிறதுக்கு."

"அதுக்குக் கம்பி வெச்சுக் கொங்கிறீற்றா?"

"கடக்கரைக் காத்துக்கு வேற என்ன நிக்கும் தம்பி?"

தாஹிருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டார்.

குழி வெட்டிய கதையையும் சொல்லியாக வேண்டும். போன வருடம் ஷிஃபானா வேலை செய்கிற வங்கிக் கிளைக்காரர் ஒரு விருந்து வைத்தார்கள், நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில். குடும்பத்தோடு வரச் சொன்னபடியால் சுஹைராவும் போனாள். அங்கே கடலைப் பார்த்தபடி மரச்சட்டங்களால் ஒரு கூரை; மூடிய கூரை அல்ல, வரிவரியாக. கீழே நிழலும் வரிவரியாக. அவள் ஒரு கதிரையில் இருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. உப்பு எங்கே, சாவி எங்கே, பிள்ளை அழுகுது என்று ஒரு சத்தமும் இல்லை. பரிமாறுகிறவனிடம் இதற்கு என்ன பெயர் என்று கேட்டாள். அவன் சொன்ன பெயரை வீட்டுக்கு வந்ததும் கலண்டர்த் தாளின் பின்னால் எழுதி வைத்தாள்.

பிறகு வேலையை முறையாகத் தொடங்கினாள். நோன்பு மாதம் முழுக்க, தகரக் கூரைக்குக் கீழே இருக்க ஏலாமல் பாயைத் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் பின்னால் போனவள், நிழல் முடிகிற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டாள். காலையில் அறைகளின் நிழலே வெளியில் விழும். உச்சியில், லுஹருக்கு, அது காலடியில் சுருங்கிவிடும். பின்னேரம், அஸருக்கு, நிழல் என்று ஒன்று கிடையாது; மேற்கு வெயில் தண்ணீரிலும் பட்டு இரண்டு வெயிலாக முகத்தில் அடிக்கும். அப்படியென்றால் சட்டங்களைத் தட்டையாகப் படுக்கப் போட்டால் பிரயோசனம் இல்லை. விளிம்பு நிமிர்ந்து, வடக்குத் தெற்காக ஓட வேண்டும். சாய்ந்து வருகிற வெயிலை அப்போதுதான் மறிக்கும். உச்சி வெயிலுக்குக் கொடி. பேஷன் புரூட் நட்டால் ஒரு வருடத்தில் மூடும். கச்சான் காற்று அடிக்கிற தென்மேற்கு மூலையில் ஒரு தட்டி. துறைமுகத்தைப் பார்த்த பக்கம் புல்லில் பின்னிய பன்பாய், சுருட்டி ஏற்றுகிற மாதிரி. பொழுது இறங்கியதும் ஏற்றிவிட்டுத் தண்ணீரைப் பார்க்கலாம். இரும்புத் தூணை உப்புக் காற்றுத் தின்னும், மரத்தூணைக் கறையான் தின்னும். ஆகவே மரத்தூண், ஆனால் மண்ணில் படாமல், கொங்கிறீற்றிலிருந்து ஒரு சாண் உயர்ந்து, தூணின் அடியைப் பிடித்து நிற்கிற இரும்புக் காலணியில்.

இதையெல்லாம் சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வருகிற தச்சு ஓடாவி இராசையாவிடம் படம் கீறிக் காட்டினாள்.

"மேல மூடவும் மாட்டியள், சுத்திவர அடைக்கவும் மாட்டியள்," என்றார் இராசையா. "அப்ப என்னத்துக்கக்கா இது?"

"இருக்க."

"இருக்க மட்டுமோ?"

"இருக்க மட்டும்தான் அண்ணை."

"பேர்கோலாவோ கோதாரியோ, சொன்னபடி செய்வம்," என்று அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

நாலு குழி வெட்டி, கம்பி கட்டி இறக்கி வைத்த அன்றைக்குத்தான் ஸெய்னுதீன் ஒழுங்கை வழியாகத் துறைமுகப் பக்கம் போனார். மதிலுக்கு மேலால் நாலு மூலையிலும் கம்பி நிற்பதைக் கண்டார். கலியாணம் பேசுகிற பெண்பிள்ளை இருக்கிற வளவில் கம்பி நிமிர்ந்தால் அது சீதன வீட்டுக்குத்தான் என்பதில் இந்த ஊரில் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. அவருக்கும் வரவில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்திப் படம் எடுத்துக் கிண்ணியாவுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து தொதல், மஸ்கட் என்று இனிப்பு தட்டோடு வந்து சேர்ந்தது. சனூஸா வாங்கி வைத்தாள். அதற்கு முதல் இரவே அன்ஸாருக்குத் தொலைபேசி வந்திருந்தது: "அத்திவாரம் வெட்டியாச்சாமே, மாஷா அல்லாஹ்." அவர் தங்கையிடம் ஒரு சொல் கேட்காமல், "ஓம், ஓம், வேலை நடக்குது," என்று சொல்லிவிட்டார். ஒழுங்கையில் மீன் வாங்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா கையைப் பிடித்து வாழ்த்தியபோதுதான், தன் வளவில் ஒரு வீடு எழும்புகிறது என்பது சுஹைராவுக்கே தெரியவந்தது.

"சரி, பிழையா விளங்கிட்டாங்க," என்றார் அன்ஸார் இப்போது. "விளங்கினது நல்லதுக்குத்தான். கம்பி நிக்குது. இன்னும் நாலைக் கூட்டினா வீடு. என்ன குறைஞ்சு போகும்?"

"எண்ட வாசல் குறைஞ்சு போகும் காக்கா. கதவைத் திறந்தா முகத்துக்கு நேர குசினிச் சுவர்."

"மகள்ட குசினிதானே."

"ஆர்ட குசினி எண்டாலும் சுவர் சுவர்தான்."

"நான் வாக்குக் குடுத்திட்டன், சுஹைரா."

"எண்ட வளவுக்கு நீங்க எப்படி வாக்குக் குடுத்த?"

அன்ஸார் தன் மச்சானின் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க தாஹிர்."

"என்னப் பார்க்காதீங்க மச்சான்," என்றார் தாஹிர். "நான் இந்த வளவுக்கு ஒரு சூட்கேசோட வந்த ஆள். சூட்கேஸப் பத்திக் கேளுங்க, சொல்றன்."

"ஊர் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சீங்களா?"

"ஊருக்கும் ஒரு கதிரை போடுறன்," என்றாள் சுஹைரா. "வந்து நிழலுக்குள்ள இருந்து கதைக்கட்டும்."

அப்போது சனூஸா வாய் திறந்தாள். அவ்வளவு நேரமும் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தவள். "உம்மா, எனக்கு வீடு தந்தீங்க. தங்கச்சிக்குப் பந்தலா? நாளைக்கு அவ எண்ட முகத்தில எப்படி முழிக்கிற? நான் அவ முகத்தில எப்படி முழிக்கிற?"

இது அன்ஸாரின் கதை மாதிரித் தட்டிவிடுகிற கதை அல்ல. சுஹைரா கோப்பைத் தட்டை மேசையில் வைத்தாள்.

"உனக்குத் தந்தது எனக்கு எண்ட உம்மா தந்தது. தந்திட்டு அவ இந்தக் குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறைக்குள்ளதான் படுத்தா, மௌத்தாகிற வரைக்கும். நெல்லு மூட்டைக்கு இங்கால பாய். நான் அதைக் கண்ணால பார்த்துக்கொண்டு இந்த ஹோலுக்குள்ள இருந்தனான். எனக்கு அது பிழையாத் தெரியல்ல, அப்பிடித்தான் எல்லா வீட்டிலயும். இப்ப தெரியுது. ஷிஃபானாவுக்கு அந்த ரெண்டு அறையும் எங்களுக்குப் பிறகு. முதல் நாளே நான் சொன்னது அதுதான். அவ உத்தியோகம் பார்க்கிறா, மாப்பிள்ளையும் பார்க்கிறார், கட்டிக்கொள்ளட்டும். நான் மௌத்தானா மண்ணும் மரமும் எல்லாம் உங்களுக்கு. உசிரோட இருக்கக்குள்ள அந்த நிழல் எனக்கு."

ஸெய்னுதீன் எழும்பினார். கோபமாகவும் இல்லை, சிரிப்பாகவும் இல்லை. "வீடு எண்டு சொல்லித்தான் எங்கட காக்கா திகதி பார்க்கத் தொடங்கினவர் ராத்தா. வீடில்லையெண்டா அவர் வேற மாதிரி யோசிப்பார். நல்லா யோசிச்சு வாற கிழமைக்குள்ள அன்ஸார் காக்காட்டச் சொல்லிவிடுங்க." வாசலில் செருப்பைப் போடும்போது, "பொடியன் நல்ல பொடியன்," என்றும் சொன்னார்.

அது எல்லாருக்கும் தெரியும். பிரச்சினையே அதுதான்.

பின்னேரம் ஷிஃபானா வளவுக்குள் வந்தாள். சுஹைரா ஒரு குழியின் விளிம்பில் குந்தியிருந்து, சரிந்து விழுந்த மண்ணை அகப்பையால் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா உம்மா?"

"கேக்கல்ல."

"எண்ட கலியாணம்தானே பேசினது. நான் திரைக்குப் பின்னால இருக்கன், நீங்க முன்னால நிண்டு முறிச்சு விடுறீங்க."

"நான் முறிக்கல்ல. வீடில்லையெண்டு சொன்னன்."

"ரெண்டும் ஒண்டுதானே அவங்களுக்கு." ஷிஃபானா குழிக்குக் கிட்ட வந்தாள். "எனக்கு அவர விருப்பம்."

"தெரியும் மகள்."

"தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்தான்."

ஷிஃபானா கம்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுஹைரா நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் சொல்லியிருக்கலாம், சரி, கட்டுவோம் என்று. வாய் வரைக்கும் வந்தது. அந்தச் சொல்லைச் சொன்னால் ஒரு கிழமைக்குள் எட்டுக் குழி. ஒரு வருடத்தில் சுவர். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் ஒன்றும் கேட்க ஏலாது, ஏனென்றால் கொடுத்தவளுக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். நல்ல பெயரோடு சாமான் அறையில் படுக்கலாம். அவள் அகப்பையை மண்ணில் குத்தி வைத்தாள்.

"அவருக்குப் போன் எடுத்தியா?" என்று கேட்டாள்.

"எடுத்தன். வாப்பா என்ன சொல்றாரோ பார்ப்பம் எண்டார். நீங்க என்ன சொல்றீங்க எண்டு கேட்டன். இரைச்சலா இருக்காம், பிறகு எடுக்கிறாராம்."

"எடுத்தாரா?"

ஷிஃபானா கம்பியை விட்டுவிட்டு அறைக்குள் போனாள். அன்றிரவுச் சாப்பாட்டுக்கும் அவள் உம்மாவோடு இருக்கவில்லை. ராத்தா சனூஸாவின் வீட்டில் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை இராசையா வந்து, சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, தச்சு ஆயுதப் பையை இறக்காமல் நின்றார்.

"என்ன அண்ணை?"

"அன்ஸார் முதலாளி வழியில மறிச்சவர். வேலையை நிப்பாட்டட்டாம். திங்கட்கிழமை மேசன் வாறாராம், குழியைக் கூட்ட. நான் ரெண்டு பேருக்கும் நடுவில என்ன செய்யிறது?"

"குழி வெட்டச் சொன்னது ஆர்?"

"நீங்கள்."

"வெட்டினது ஆருக்கு?"

"உங்களுக்கு."

"அப்ப பையை இறக்குங்க. இண்டைக்குக் கொங்கிறீற் போடுறம்."

"காலணி வைக்கிற உயரத்துக்கு மேல கம்பி கூடிப்போச்சு. அதை வெட்டோணும். வெட்டினால்..." இராசையா தலையைச் சொறிந்தார். "வெட்டினால் பிறகு ஒருத்தரும் இதில வீட்டுத் தூண் எழுப்ப ஏலாது அக்கா. யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சதாலதான் சொல்றன். முதல்ல அதை வெட்டுங்க."

வாள் மரத்தை அறுக்கிற சத்தம் அல்ல அது. இரும்பை இரும்பு தின்கிற சத்தம், பல்லுக்குள் போய்ப் புகுகிற சத்தம். ஒழுங்கை முழுக்கக் கேட்டது. நஜ்முன் நிஸா மதிலுக்கு அங்கால் வந்து எட்டிப் பார்த்து, "வீட்டுக்கம்பியை ஏன் வெட்டுறீங்க?" என்றாள். "வீட்டுக்கம்பி எண்டு ஆர் சொன்னது?" என்றாள் சுஹைரா. சனூஸாவின் பின் ஜன்னல் திறந்தது. கொஞ்ச நேரம் திறந்தபடி கிடந்தது. பிறகு மூடிக்கொண்டது.

மணல், கல், சீமெந்து குழைத்ததும் சுஹைரா முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு கொங்கிறீற் தாச்சியைத் தூக்கினாள். தாஹிர் வாசலுக்கு வந்து, "முதுகு பிடிச்சா எண்ணெய் தடவ எனக்கு ஏலாது, சொல்லிப்போட்டன்," என்றார். சொல்லிவிட்டு மற்றத் தாச்சியை அவர் தூக்கினார். நாலாவது குழியை நிரப்பிக் காலணியை இறக்கி, நூல் பிடித்து, மட்டம் பார்த்தபோது லுஹர் பாங்கு கேட்டது. நாலு இரும்புக் காலணியும் ஒரே உயரத்தில் நின்றன. முழங்காலுக்கும் எட்டாத உயரம். இப்போது ஒழுங்கையில் போகிற யார் பார்த்தாலும் அது வீடு இல்லை என்று தெரியும். வேறு என்ன என்பதுதான் தெரியாது.

தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, கடிதம் எழுத இருந்தாள்.

கடிதம் அவளுக்குப் புதிய வேலை அல்ல. மூதூரில் பெரியம்மாவின் வீட்டில் நின்று படித்த காலத்தில், கடிதம் எழுதும் பாடத்துக்கு அவளுடைய கொப்பியைத்தான் வகுப்புக்கு வாசித்துக் காட்டுவார்கள். ஒழுங்கையில் தெருவிளக்கு எரியாவிட்டால் நகரசபைக்கு எழுதுவதும், தண்ணீர் வராவிட்டால் எழுதுவதும் அவள்தான். எழுதுகிற முறை ஒன்றுதான்: முதலில் நடந்தது, பிறகு கேட்பது, கடைசியில் கேட்பதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது. மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு ஸலாம் எழுதி, முதல் பந்தியை முடித்தபோது ஷிஃபானா பின்னால் வந்து நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. தோளுக்கு மேலால் வாசித்தாள்.

"இவருக்கு எழுதாதீங்க," என்றாள்.

"அப்ப ஆருக்கு?"

"அவருக்கு எழுதுங்க. றிஸ்கானுக்கு."

சுஹைரா பேனையை வைத்தாள். "மாமியார் மாப்பிள்ளைக்கு எழுதுறதா? அதுவும் கலியாணத்துக்கு முதல்? ஊரில எங்கயாவது இருக்கா?"

"ஊரில எங்கயாவது பேர்கோலா இருக்கா?"

சுஹைராவுக்குச் சிரிப்பு வந்தது. ஷிஃபானா சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தாள்.

"அவர்ட வாப்பாவுக்கு எழுதினா வாப்பா பதில் சொல்லுவார். றிஸ்கான் வாய் திறக்கத் தேவையே வராது. கடைசி வரைக்கும் அவருக்கு என்ன விருப்பம் எண்டு எனக்குத் தெரியாமலே கலியாணம் நடக்கும், இல்லாட்டி நடக்காது. நேத்து ராத்தா வீட்டில படுத்துக்கொண்டு யோசிச்சன். உங்களோட கோவம்தான். இன்னமும் கோவம்தான். ஆனா நீங்க உங்களுக்கு என்ன வேணும் எண்டு சொல்லிட்டீங்க. நானும் சொல்லிட்டன். அவர் மட்டும் சொல்லல்ல."

"வீட்டுக்கு அனுப்பினா வாப்பாட கைக்குத்தான் போகும்."

"சீனன்குடாவுக்கு அனுப்புங்க, அவர்ட எண்ணெய்த்தாங்கி வேலைத்தலத்துக்கு. உள்ளுக்குப் போன் கொண்டுபோக விடமாட்டாங்க, வாசல்ல வாங்கி வெச்சிருவாங்க. கடிதத்தை விடுவாங்க."

சுஹைரா பழைய தாளை மடித்துப் பக்கத்தில் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள். தலைப்பிலேயே கை நின்றது. என்ன போட? மருமகன் என்று போட இன்னும் உரிமை இல்லை. கடைசியில் மகன் என்றே போட்டாள்.

'அன்புள்ள மகன் றிஸ்கானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் வளவில் வெட்டிய நாலு குழியும் வீட்டுக்கு வெட்டியவை அல்ல. நிழலில் இருப்பதற்கு ஓர் இடம் கட்ட வெட்டியவை. உங்கள் சாச்சா படம் எடுத்த அன்றைக்கு மதிலுக்கு மேலால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். என் சகோதரர் ஓம் என்று சொன்னது அவருடைய ஓம். வளவு என் பெயரில் இருக்கிறது, நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டார் அனுப்பிய தொதலை நாங்கள் சாப்பிட்டது உண்மை. நல்ல தொதல். அதை வீட்டுக்கு அச்சாரமாக எடுக்க வேண்டாம்.

அந்த இடத்தில் நான் வீடு கட்டமாட்டேன். இப்போதும் இல்லை, திகதி வைத்த பிறகும் இல்லை. கம்பியை இன்றைக்கு வெட்டியாகிவிட்டது. நாங்கள் இருக்கும் இரண்டு அறையும் எங்கள் காலத்துக்குப் பிறகு ஷிஃபானாவுக்கு. முதல் நாள் பேச்சிலும் இதைத்தான் சொன்னேன்.

இதை உங்கள் வாப்பாவுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவது அவருக்கு மரியாதை இல்லாமல் அல்ல. என் மகளோடு ஒரு வீட்டில் இருக்கப்போகிறவர் நீங்கள். ஆகவே பதில் உங்கள் கையால் வரவேண்டும். வேறு ஒருவர் வாயால் வருகிற பதிலை, அது ஓம் என்றாலும், நான் பதிலாக எடுக்கமாட்டேன். சம்மதம் என்றால் எழுதுங்கள். சம்மதம் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். அப்படி எழுதினால் இந்த வீட்டில் ஒரு பிள்ளை அழும். அதை நான் மறைக்கவில்லை. அழுதாலும் நாலு குழி ஐந்தாகாது.'

ஷிஃபானா கடைசி வரிகளை இரண்டு தரம் வாசித்தாள்.

"அழுறதை ஏன் எழுதின?"

"உண்மைதானே. வெட்டட்டா?"

"வேண்டாம். கிடக்கட்டும்." பேனையை வாங்கி, உம்மாவின் கையெழுத்துக்குக் கீழே தன் கையால் எழுதினாள்: 'உம்மா எழுதியதை வாசித்தேன். குழி விசயத்தில் நானும் உம்மாவின் பக்கம்தான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? ஷிஃபானா.'

எழுதிவிட்டு அவள் தாயை நிமிர்ந்து பார்க்கவில்லை. சுஹைரா தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விட்டால் அழித்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"எனக்கு இடம் இல்லையா?" என்று கேட்டபடி தாஹிர் கட்டிலிலிருந்து எழும்பி வந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தை முதலிலிருந்து வாசித்தார். "தொதல் கதை நல்லா இருக்கு. நான் கையெழுத்த எங்க வைக்கிற?"

"சாட்சியா வைங்க."

"சூட்கேஸ்காரனுக்கு அது போதும்," என்று மூலையில் கையெழுத்து வைத்தார்.

திங்கட்கிழமை காலை ஷிஃபானா வங்கிக்குப் போகிற முச்சக்கரவண்டியில் சுஹைராவும் ஏறினாள். வண்டி ஒழுங்கை முனையில் திரும்பும்போது அன்ஸார் எதிரே வந்தார், பின்னால் மேசன், கையில் அளவு நாடா. வண்டியை மறித்தார்.

"கம்பியை வெட்டிட்டியாமே. ஆரக் கேட்டு?"

"ஓடாவியக் கேட்டு."

"இனி நான் ஸெய்னுதீன்ட முகத்தில எப்படி முழிக்கிற?"

"நீங்க முழிக்கத் தேவையில்ல காக்கா. நானே எழுதிட்டன்."

"ஆருக்கு?"

"மாப்பிள்ளைக்கு."

அன்ஸார் வண்டிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் கூட இருந்தது. "மாப்பிள்ளைக்கா? பொம்பிளை எழுதுறதா? அதை என்னட்டத் தா. வாப்பாட கையில குடுக்கிற மாதிரி நான் பதமாச் சொல்லிக் குடுக்கிறன்."

"பதமாச் சொல்லித்தான் தொதல் வந்தது."

மேசன் அளவு நாடாவைப் பார்த்துக்கொண்டார். ஷிஃபானா கைப்பையை நெஞ்சோடு அணைத்து, "மாமா, எனக்கு வேலைக்கு நேரமாகுது. கையை எடுங்க," என்றாள். பெரியவர்கள் கதைக்கும் இடத்தில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தரம். அன்ஸார் கையை எடுத்தார்.

தபால் கந்தோரில் ஒரு கதவுதான் திறந்திருந்தது. சுஹைரா தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். மேசையில் நூலால் கட்டியிருந்த பசைப்போத்தல் காய்ந்து போயிருந்தபடியால் நாக்கால் நனைத்தே ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். விலாசத்தை ஷிஃபானா எழுதினாள்: பெயர், வேலைத்தலம், சீனன்குடா.

"பதிவுத் தபாலா?" என்று கேட்டார் உள்ளே இருந்தவர்.

"ஓம். அவர் கையெழுத்து வெச்சுத்தான் எடுக்கோணும். வேற ஆரும் எடுக்கப்படாது."

அவர் முத்திரை ஒட்டி, இரும்பு முத்திரையை இரண்டு தரம் குத்தி, துண்டைக் கிழித்து ஷிஃபானாவிடம் கொடுத்தார். உறையைத் திருப்பி ஒட்டிய இடத்தைப் பெருவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, பின்னால் சீனன்குடாப் பைக்குள் போட்டார்.